இறங்குதுறையும் அனுமதியும்

எழுவைதீவுக்குப் பாலம் இல்லை. ஊர்காவற்றுறையிலிருந்து படகேறியே அங்குச் செல்லல் வேண்டும். பிற ஊர்களுக்கு வீதியும் பேருந்து நிலையமும் எத்தகையனவோ, அத்தீவுக்கு இறங்குதுறை அத்தகையது. ஆதலின் இறங்குதுறை அமைப்பதற்கான அனுமதி தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும், நோயாளரும் மாணவரும் ஆசிரியரும் இடர்ப்பட்டுப் படகேறும் மாதமாகும்.

அவ்வனுமதி எளிதிற் கிட்டுவதன்று. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம் நிலப்புறம் 300 மீற்றரையும் கடற்புறம் 2 கிலோமீற்றரையும் கரையோர வலயம் என வகுத்தது. ஏறத்தாழ ஒன்றரைச் சதுரக் கிலோமீற்றர் பரப்பே உடைய எழுவைதீவின் பெரும்பகுதி இவ்வலயத்துள் அடங்கும். 1987இன் பதின்மூன்றாம் திருத்தமோ நெடுஞ்சாலைகளைச் சார்ந்த படகுத்துறைகளை மத்திக்கும், ஏனைய வீதிகளைச் சார்ந்தவற்றை மாகாணத்துக்கும் பிரித்தளித்தது. பிரதேச சபைக்கும் இதில் பங்குண்டு. துறை ஒன்று, வாயில்கள் பல.

இதற்குத் தீர்வாக உள்ளூர் அனுமதிகளையே ஒதுக்கிவிடலாம் என்பார் உளர். தீவகத்தார் பலர் குடியேறி வாழும் ரொறன்ரோவை அவர்கள் சான்று காட்டலாம். அங்குச் சுரங்க இரயிற் பாதைகளை விரைந்து அமைத்தற்பொருட்டு 2020இல் ஒன்ராறியோ மாகாணம் தனிச் சட்டமே இயற்றியது. நகரசபை இணங்காவிடினும் அதன் வீதிகளைப் பயன்படுத்த அமைச்சர் ஆணையிடலாம். ஆயின் அவ்வமைச்சர் மாகாண மக்களின் வாக்குக்குப் பதிலிறுக்க வேண்டியவர். வட மாகாண சபையின் பதவிக்காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடைபெறவில்லை. இந்நிலையில் உள்ளூர் அதிகாரத்தையும் பறித்தால், முடிவு கொழும்பின் கையிலேயே தங்கும். அன்றியும், கடலுள் நீளும் திண்ணிய கற்கட்டு மணலின் ஓட்டத்தைத் தடுத்து, ஒருபுறம் மேடாக்கி மறுபுறத்தை அரிக்கவல்லது. கரையை நம்பி வாழும் மீனவருக்கு ஆய்வு வேண்டாத சடங்கன்று.

தாமதமே பாதுகாப்பு என்னும் மறுசாராரின் கூற்றும் ஏற்புடைத்தன்று. மேசையிற் கிடக்கும் கோப்பு மணலை அளப்பதில்லை, நீரோட்டத்தைக் கணிப்பதுமில்லை. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் படித்துக் கருத்துரைக்கத் தேசிய சுற்றாடற் சட்டம் பொதுமக்களுக்கு 30 நாள்களே அளிக்கின்றது. வலை இழுக்கும் மீனவர் 30 நாள்களிற் கற்றுத் தெளிந்து எழுதக் கூடுமாயின், அதற்கென்றே சம்பளம் பெறும் அலுவலருக்கு அதனினும் நீண்ட காலம் எற்றுக்கு?

வேண்டுவது இதுவே: விண்ணப்பம் ஒன்றாக இருத்தல் வேண்டும், அதனைப் பிரதேச செயலகமே ஏற்றல் வேண்டும். திணைக்களங்கள் யாவும் ஒரே நாளில் தீவுக்கு வந்து பார்வையிட்டு, அங்கேயே மக்களின் கருத்தைக் கேட்டல் வேண்டும். குறித்த நாளுள் காரணங்காட்டி எழுத்தில் விடை தருதல் வேண்டும். தவறும் திணைக்களம் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின்முன் விளக்கமளித்தல் வேண்டும். மறுப்பதாயினும் உரிய காலத்தில் மறுக்கட்டும். மறுப்பை எதிர்த்து மேன்முறையிடலாம். மௌனத்தை எதிர்த்து எழுவைதீவார் எங்கே முறையிடுவர்?