எக்ஸ்ரே அறைக்குள் பிள்ளையை அனுப்பும் முன் நாம் கேட்க வேண்டியது



பெரம்பலூர், அரியலூர் பக்கம் ஒரு பிள்ளை வேப்ப மரத்திலிருந்து விழுந்து கை வீங்கினாலும் சரி, மூணு வாரமா இருமல் நிக்கலன்னாலும் சரி, டாக்டர் சொல்ற அடுத்த வார்த்தை "ஒரு எக்ஸ்ரே எடுத்துட்டு வாங்க" என்பதுதான். எடுக்கத்தான் வேணும். ஆனா அந்த அறைக்குள்ள இருக்கிற மெஷினை யார் கண்காணிக்கிறாங்கன்னு நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கோம்?

முதல்ல பயத்தைத் தீர்த்துடுவோம். மண், பாறை, வானம், சாப்பாடு வழியாக ஒவ்வொரு மனிதருக்கும் ஆண்டுக்கு உலக சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு இயற்கையாகவே வந்து சேருது. சரியாக எடுத்த ஒரு நெஞ்சு எக்ஸ்ரேயில் கிடைப்பது, அதில் சில நாள் கணக்குதான். "எக்ஸ்ரே எடுத்தா கேன்சர்"னு வாட்ஸ்அப்ல சுத்துறதை நம்பி, காசநோய் சந்தேகம் இருக்கிற பிள்ளைக்குப் படம் எடுக்காம விடுறதுதான் உண்மையான ஆபத்து. சிமெண்ட் ஆலையும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் சூழ்ந்த அரியலூர்ல, இருமலை அலட்சியமா விடவே கூடாது.

சி.டி. ஸ்கேன் வேற கதை. பிள்ளையின் தலைக்கு ஒரு ஸ்கேன் எடுத்தா, ஏறக்குறைய ஒரு வருஷத்து இயற்கைக் கதிர்வீச்சு ஒரே மூச்சில் வந்துடும். பிரிட்டனில் சின்ன வயசில் சி.டி. எடுத்த ஏறத்தாழ 1,78,000 பேரைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வு 2012-ல் லான்செட் இதழில் வந்தது. பத்து வயசுக்குள் தலை ஸ்கேன் எடுத்த 10,000 பிள்ளைகளில், அடுத்த பத்தாண்டுக்குள் ஒருவருக்குக் கூடுதலாக ரத்தப் புற்றுநோய், ஒருவருக்குக் கூடுதலாக மூளைக் கட்டி வரலாம்னு அதில் கணக்கிட்டாங்க. அடிபட்டு மயங்கின பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் பார்த்துத் தயங்கக் கூடாது, ஸ்கேன் உயிரைக் காப்பாத்தும். ஆனா லேசா நெற்றி இடிச்சதுக்கு, "எதுக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாமே டாக்டர்"னு நாமே வற்புறுத்துறோம் பாருங்க, அதை விடணும்.

பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கூடுதல் கவனம்? வளர்கிற செல்கள் வேகமாகப் பிரியும், பாதிப்பும் அங்கே கூடுதல். பின்விளைவு வெளிப்பட இன்னும் அறுபது எழுபது வருஷ வாழ்க்கை முன்னால இருக்கு. இதைவிட முக்கியமானது, பெரியவங்களுக்கு வைத்த அளவை மாத்தாமலே பிள்ளைக்கும் பட்டனை அமுக்கினா, அந்தச் சின்ன உடம்புக்குத் தேவைக்கு மேல் போகும். மெஷினில் அளவைக் குறைக்க வழி இருக்கு. குறைக்கத் தெரிஞ்ச, பயிற்சி பெற்ற டெக்னீஷியன் அங்கே இருக்காரா என்பதுதான் கேள்வி.

இனி கண்காணிப்புக்கு வருவோம். நாட்டில் எந்த மருத்துவ எக்ஸ்ரே மெஷினும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இல்லாம இயங்கக் கூடாது. 2004 விதிகள் அப்படித்தான் சொல்லுது. நடந்தது என்ன? 2012-ல் சி.ஏ.ஜி. அறிக்கை போட்டு உடைச்சது: நாட்டில் இருந்த 57,443 எக்ஸ்ரே நிலையங்களில் வாரியத்திடம் பதிவானவை வெறும் 5,270. நூற்றுக்கு 91 கணக்கிலேயே இல்லை! மாநிலந்தோறும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு இயக்ககம் அமைக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2001-லேயே சொல்லியிருந்தது. பதினோரு வருஷம் கழிச்சுப் பார்த்தா கேரளா, மிசோரம் ரெண்டே மாநிலத்தில்தான் இருந்தது. அதுக்குப் பிறகு உரிமம் வாங்குறது இணையவழிக்கு வந்தது, பதிவும் கூடியது. ஆனா மும்பையில் உட்கார்ந்திருக்கிற வாரியம் வேப்பந்தட்டையிலும் செந்துறையிலும் ஒவ்வொரு அறையையும் எட்டிப் பார்க்க முடியுமா?

நாம பார்க்கலாம். உரிமத்தைக் காட்டச் சொல்லுங்க, கேட்கிறதில் தப்பே இல்லை. மெஷினுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறை தரச் சோதனை நடக்கணும், கடைசியா எப்போ நடந்ததுன்னு கேளுங்க. பிள்ளை அசையாம இருக்கப் பிடிச்சுக்க வேண்டியிருந்தா, பிடிக்கிறவருக்கு ஈய மேலங்கி கொடுத்தே ஆகணும். கர்ப்பமா இருக்கிற அம்மா உள்ளே போகவே கூடாது. வயிற்றில் இருக்கிற சிசுவுக்கு எக்ஸ்ரே பட்டால் பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடும்னு ஆலிஸ் ஸ்டூவர்ட் என்ற மருத்துவர் 1956-லேயே காட்டிட்டார். கூட வந்த மத்த பிள்ளைகள் கதவுக்கு வெளியேதான் நிக்கணும். கைக்கு எக்ஸ்ரேன்னா வெளிச்சக் கட்டம் கை மேல மட்டும் விழணும், நெஞ்சு வரைக்கும் பரவக் கூடாது. ஒரு விஷயம்: பிள்ளையின் இடுப்பில் ஈயத் துண்டு போடலைன்னு சண்டைக்குப் போகாதீங்க. அது வழக்கமாகத் தேவையில்லைன்னு அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2019-லேயே சொல்லிடுச்சு. கட்டத்தைச் சுருக்குவதுதான் பெரிய பாதுகாப்பு.

நம்ம மாவட்டங்களுக்கே உரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. ஜெயங்கொண்டத்தில் ஒரு படம், அரியலூரில் ஒண்ணு, கடைசியில் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ அனுப்பி அங்கே மறுபடி ஒண்ணு. ஒரே எலும்புக்கு மூணு எக்ஸ்ரே, மூணு தடவை காசு. பழைய பிலிமைத் தூக்கிப் போடாதீங்க, ரேஷன் கார்டு மாதிரி பத்திரமா வைங்க. புது இடத்தில் முதல்ல அதை நீட்டுங்க.

அரியலூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. பெரம்பலூருக்கு இன்னும் வரலை, அந்தக் கோரிக்கை நிக்குது. அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இருக்கு. ரெண்டு மாவட்டத்திலும் அரசு, தனியார் எல்லா எக்ஸ்ரே மையத்து வாசலிலும் உரிம எண், முடியும் தேதி, கடைசித் தரச் சோதனை நாள் மூணும் தமிழில் எழுதி வைக்கணும். அரசு மருத்துவமனையில் எடுத்த படத்தை டிஜிட்டலாக நோயாளி கையில் கொடுக்கணும். மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர்கள் நினைச்சா ஒரு மாதத்தில் முடியும்.

இந்தக் கோரிக்கையோட வர்ற திங்கட்கிழமை ரெண்டு ஆட்சியர் அலுவலகத்திலும் மக்கள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். பிள்ளைக்கு ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க வெச்சிருந்தா, அந்தச் சீட்டுகளோட ஒன்றியப் பொறுப்பாளர்களைப் பாருங்க. மனுவோட இணைச்சுக் கொடுப்போம்.