பிணம் கேட்கும் ரஸனை

கலைஞன் தற்கொலை செய்துகொண்டால் அவன் படைப்பு உண்மையானதாகிவிடுகிறது என்பது, ரஸனை என்ற பெயரில் உலவும் மூடநம்பிக்கைகளிலேயே கேவலமானது. ஜாய் டிவிஷன் என்ற ஆங்கில ராக் குழுவைப் பற்றி எழுதுகிறவர்களும் பேசுகிறவர்களும், என் நண்பர்கள் சிலர் உட்பட, இந்த நம்பிக்கைக்குப் பூசை செய்கிறவர்கள். குழுவின் பாடகன் இயன் கர்டிஸ் 1980 மே 18-ம் தேதி, 23-வது வயதில், மாக்கிள்ஸ்ஃபீல்டில் தன் வீட்டில் உயிரை மாய்த்துக்கொண்டான். மறுநாள் குழு அமெரிக்கா புறப்பட இருந்தது. இரண்டு மாதம் கழித்து அவர்களுடைய இரண்டாவது இசைத்தட்டு 'க்ளோஸர்' வெளிவந்தது. அன்றிலிருந்து பக்தர்கள் அந்த இசையைக் கேட்பதில்லை. மரண வாக்குமூலத்தைக் கேட்கிறார்கள்.

'க்ளோஸர்' உறையில் இருப்பது இத்தாலியில் ஜெனோவாவின் ஸ்டாலியெனோ இடுகாட்டுச் சிற்பமொன்றின் புகைப்படம். "பார்த்தீர்களா, அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது" என்கிறார்கள். அவன் உயிரோடு இருந்தபோதே தேர்ந்தெடுத்த படம் அது. உறையை அமைத்த பீட்டர் ஸாவில் ஓவிய மரபில் ஊறிய வடிவமைப்பாளர், ஜோசியர் அல்ல. கல்லறைப் படம் போட்டவனெல்லாம் தன் சாவை முன்னறிவிக்கிறான் என்றால் உலகத்துக் கவிஞர்களில் பாதிப் பேர் முதல் தொகுப்போடு போயிருக்க வேண்டும்.

அந்த இருள் எங்கிருந்து வந்தது என்று கேட்க இவர்களுக்குப் பொறுமையில்லை. நான் சொல்கிறேன். அது செய்யப்பட்ட பொருள். பீட்டர் ஹுக் தன் பேஸ் கிதாரில் மேல் ஸ்தாயியில் வாசித்ததற்குக் காரணம் ஆன்மாவின் ஓலம் அல்ல. ஒத்திகையில் பெர்னார்ட் ஸம்னரின் கிதார் இரைச்சலில், தன் மட்டமான ஒலிபெருக்கியிலிருந்து கீழ் ஸ்வரங்கள் அவர் காதுக்கே எட்டவில்லை. அந்த நெருக்கடியிலிருந்து ஒரு பாணி பிறந்தது: பேஸ் ராகத்தைப் பாட, கிதார் சுவர் ஓரமாக ஒதுங்கியது. 1979 ஏப்ரலில், ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோவில் முதல் இசைத்தட்டு 'அன்நோன் ப்ளெஷர்'ஸைப் பதிவு செய்தபோது, தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட் ஸ்டீஃபன் மோரிஸின் மேளங்களைத் தனித்தனியே வாசிக்க வைத்தார். ஒவ்வொரு அடியைச் சுற்றியும் எதிரொலிக் கருவியால் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கினார். ஹுக்குக்கும் ஸம்னருக்கும் அது பிடிக்கவில்லை. மேடையில் தாங்கள் எழுப்பிய ஆவேசத்தை அவர் வடித்துக் கொட்டிவிட்டதாகக் குறைபட்டுக்கொண்டார்கள். ஆக, நாம் சிலிர்த்துக் கேட்கும் அந்தக் குளிர், ஐந்து பேர் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நின்றதில் விளைந்தது. அதை ஒருவனுடைய சாவின் கணக்கில் எழுதுவது மற்ற நால்வரின் உழைப்பைத் திருடுவது. அந்த ஒருவனையும் சிருஷ்டிகர்த்தாவாக இல்லாமல் நோயாளியாகக் குறுக்குவது.

பாடல்களுக்கு வருகிறேன். கர்டிஸ் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில், உடற்குறை உள்ளவர்களுக்கு வேலை தேடித்தரும் பிரிவில் இருந்தவன். அங்கே வந்துபோன, வலிப்பு நோய் கொண்ட ஒரு இளம்பெண் பின்னால் இறந்துபோனாள். 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' அவளைப் பற்றியது. அவனுக்கே வலிப்பு என்று 1979 ஜனவரியில் டாக்டர்கள் சொன்னார்கள். பக்தர்களுக்கு இந்த இரண்டாவது தகவல் மட்டும் போதும். மேடையில் அவன் ஆடிய ஆட்டத்தைப் பாடலோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு, அந்தப் பெண்ணைத் துடைத்துவிடுகிறார்கள். இன்னொரு உடம்பின் அவஸ்தையை ஒருவன் தன் குரலில் ஏற்றுக்கொண்டான் என்பதுதான் அப்பாட்டின் சாதனை. அதைச் சுயபுலம்பலாக்கினால் பாட்டு சிறுத்துப்போகிறது. பாலார்டின் நாவல் தலைப்பையும் கோகோலின் நாவல் தலைப்பையும் பாட்டுக்கு வைத்துக்கொண்டவன், 'நான்' என்று எழுதும்போதெல்லாம் தன்னையே எழுதினான் என்று எந்த வாசகன் சத்தியம் செய்ய முடியும்?

வாழ்க்கையையும் படைப்பையும் பிரிக்க முடியுமா என்று கேட்பார்கள். பிரிக்கச் சொல்லவில்லை. வாழ்க்கையைப் பேசுவதென்றால் முழுசாகப் பேசுங்கள் என்கிறேன். வலிப்பு, மனத்தைக் குலைக்கக்கூடிய அக்கால மருந்துகள், தூக்கமில்லாத ராத்திரிகள், உடைந்துகொண்டிருந்த மணவாழ்க்கை, வீட்டில் ஒரு வயதுக் குழந்தை. 1980 ஏப்ரலில் ஒருமுறை சாக முயன்றவனை ஓரிரு நாளில் பரி நகர மேடையில் ஏற்றினார்கள். அந்தக் கூட்டம் கலவரத்தில் முடிந்தது. அவனுக்குத் தேவைப்பட்டது ஓய்வும் நல்ல வைத்தியமும். சாவுக்குக் காரணங்கள் உண்டு, அவை ஸ்தூலமானவை. அவற்றைக் 'கலைஞனின் விதி' என்ற புகையால் மூடுகிறவன், அடுத்து நோயில் விழும் இளைஞனுக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறான்?

சாவு எல்லாவற்றையும் வெளுத்தும் கொடுக்கிறது. குழுவின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். நாஜி முகாம்களில் பெண்களை விபசாரத்துக்கு அடைத்துவைத்த பகுதியின் பெயராகக் காட்ஸெட்னிக்கின் நாவலொன்றில் வருவது அது. 1978-ல் அவர்கள் வெளியிட்ட முதல் சிறு இசைத்தட்டின் உறையில் ஹிட்லரின் இளைஞர் படைப் பையன் மேளம் கொட்டுகிறான். பிறர் நரகத்தை விடலைத்தனமான அதிர்ச்சிக்குப் பயன்படுத்திய காரியம் இது. கர்டிஸ் கிழவனாகியிருந்தால் பேட்டிக்குப் பேட்டி இதற்குப் பதில் சொல்ல வேண்டியிருந்திருக்கும். செத்ததால் கேள்வியே கேட்பாரற்றுப் போயிற்று. 1995-ல் அவன் மனைவி டெபோரா எழுதிய நூலில் தெரிகிறவன் பொறாமைக்காரன், வீட்டில் கெடுபிடி செய்கிறவன். விக்கிரகத்தை உடைத்திருக்க வேண்டிய அந்தப் புத்தகத்தையும் ஸ்தல புராணமாக்கி விட்டார்கள்.

ஸ்தலம் என்றால் கடைத்தெருவும் உண்டு. 'அன்நோன் ப்ளெஷர்ஸ்' உறையில் உள்ள வெள்ளைக் கோடுகள், 1967-ல் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பல்ஸார் விண்மீனின் துடிப்புகளின் வரைபடம். இன்று அது பனியனில் விற்கிறது. 2012-ல் டிஸ்னி கம்பெனி அதே கோடுகளில் மிக்கி மௌஸை வரைந்து விற்றுப் பிறகு விலக்கிக்கொண்டது. டிஸ்னியைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் உண்டு. 2008-ல் கர்டிஸின் நினைவுக்கல்லையே யாரோ பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிக்கி மௌஸ் போட்டவனுக்கும் கல்லைப் பெயர்த்தவனுக்கும் நான் பெரிய வித்தியாசம் காணவில்லை. இருவருக்கும் வேண்டியது பாட்டல்ல, பண்டம்.

மிஞ்சிய மூவரையும் பாருங்கள். பழைய பெயரை வைத்துப் பிழைத்திருக்கலாம். வைக்கவில்லை. நியூ ஆர்டர் என்று ஆகி (நாஜி வாடை வீசும் இன்னொரு பெயர், இவர்கள் திருந்தவில்லை), கில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்துக்கொண்டு, பாடத் தெரியாத ஸம்னர் பாடக் கற்றுக்கொண்டு, இயந்திரங்களோடு மன்றாடி, 1983-ல் 'ப்ளூ மன்டே'க்கு வந்து சேர்ந்தார்கள். துக்கத்தைச் சுமந்துகொண்டே நடனத்துக்கான இசையைக் கண்டுபிடித்தது லேசான காரியமில்லை. பக்தர்கள் இதை வியாபாரம் என்று முகம் சுளிக்கிறார்கள். உயிரோடிருப்பதை மன்னிக்காத ரஸனை இது.

மான்செஸ்டர் விவகாரம் நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சீக்கிரம் போய்விட்ட கவிஞனின் வரிகளில் சாவின் ஜாடையைப் பொறுக்கி எடுத்து அஞ்சலிக் கட்டுரை எழுதும் தொழில் நம் பத்திரிகைகளிலும் நடக்கிறது. அவன் இருந்தபோது அவன் கவிதைக்கு ஒரு பக்கம் விமர்சனம் எழுதாதவர்கள், இல்லாதபோது பத்துப் பக்கம் எழுதுகிறார்கள். ஒரு கவிதை நல்ல கவிதையா என்று தீர்மானிக்க அதை எழுதியவனின் பிணம் தேவைப்படுகிறவனுக்குக் கவிதை வாசிக்கத் தெரியாது. அவன் போக வேண்டிய இடம் பிரேதப் பரிசோதனைக் கூடம்.