தாயும் மகளும்

தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பர். இங்கிலாந்து இளவரசி ஆனும் அவர்தம் மகள் ஸாராவும் இதனை நமக்கு நினைவூட்டுகின்றனர்.

குதிரையேற்றத்தில் முத்திறப் போட்டி என ஒன்றுண்டு. ஏவியபடி அடியெடுத்து வைக்கும் நடை, வெட்டவெளியில் வேலியும் நீரும் கடக்கும் ஓட்டம், அரங்கினுள் தடை தாண்டல் ஆகிய மூன்றையும் ஒரே குதிரையில் நிறைவேற்றல் வேண்டும். இதில் தாயார் 1971இல் ஐரோப்பியப் பட்டம் பெற்றார். மகள் 2005இல் அதே பட்டத்தையும், 2006இல் உலகப் பட்டத்தையும் வென்றார். கணக்குப் பார்த்தால் மகளே விஞ்சினார்.

ஆயினும் 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில், குதிரையினின்றும் வீழ்ந்து தலையில் அடிபட்ட பின்னரும் தாயார் மீண்டும் ஏறி ஓட்டத்தை முடித்தார். இன்றைய விதி அதற்கு இடமளியாது. மகளோ, தம் குதிரை காயமுற்றமையால் 2004, 2008 ஒலிம்பிக் போட்டிகளை இழந்தும் மனந்தளரவில்லை. 2012இல் இலண்டனில் அவர் குழு வெள்ளிப் பதக்கம் பெற்றது. அதனை மகளுக்கு அணிவித்தவர் தாயாரே.

இருவருள் வல்லவர் யாரென்னும் வினா அக்கணத்தில் அத்தாய்க்கு எழுந்திராதென்றே நாம் எண்ணுகின்றோம். தம்மிலும் பிள்ளை உயரக் காண்பதிலும் பெரிய பரிசு பெற்றோர்க்கு வேறுண்டோ?