விலையிற் சேராத கல்

சென்ற ஆண்டு இங்கிலாந்திற் சில வாரங்கள் தங்கியிருந்தபோது, யோக்சயர்ப் பகுதியிலுள்ள சிறுபட்டினம் ஒன்றிலே பழம்பொருட் கடையொன்றினுள் நுழைந்தேன். கண்ணாடிப் பேழையிலே ஒரு குதிரைவீரனின் கைத்துப்பாக்கி கிடந்தது. 9 அங்குலக் குழல். கருமை ஏறிய மரப்பிடி. அதன் அடியிலே பித்தளைப் பூண். அருகிலிருந்த அட்டையில், ‘வாட்டர்லூக் களம் கண்டது’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே விலை இருமடங்காகியிருக்க வேண்டும்.

அத்துப்பாக்கி 1800ஐ ஒட்டிய ஆண்டுகளிற் பிரித்தானியக் குதிரைப்படைக்கென வகுக்கப்பட்ட மாதிரியைச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. பக்கத்தகட்டிலே கிரீடமும், ஜோர்ஜ் மன்னரைக் குறிக்கும் ‘ஜீ. ஆர்.’ என்னும் எழுத்துக்களும், ‘ரவர்’ என்னும் சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. ‘ரவர்’ என்றதும் இலண்டன் கோபுரத்திலேயே செய்யப்பட்டது என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அது படைக்கலச் சபையார் ஏற்றுக்கொண்டமைக்கான முத்திரை, அவ்வளவே. குழலையும் பொறியையும் பெரும்பாலும் பேர்மிங்ஹாம் நகரத்துப் பட்டறைகளிலே, ஒப்பந்தக் கூலிக்கு அடித்தும் அராவியும் ஆக்கினார்கள். முத்திரை அரசினது, அடித்த கைக்குப் பெயரில்லை.

அதன் அமைப்பிலே ஒன்றை நான் மெச்சுகிறேன். மருந்திடிக்கும் கோல் கழன்று விழாதபடி, குழலின் நுனியிலே சுழலும் கணுவொன்றாற் பிணைக்கப்பட்டிருக்கிறது. குதிரைமேலிருந்து கோலைத் தவறவிட்ட எவனோ ஒருவனின் துன்பத்தை உணர்ந்த தச்சனே அதனைச் சிந்தித்திருக்க வேண்டும்.

ஆனால் அது களத்திற் சாதித்தது என்ன? உட்புறம் வரியில்லாத குழல், குலுங்கும் குதிரை, ஒரு தடவை சுட்டபின் கடிவாளத்தையும் கோலையும் தோட்டாவையும் சேர்த்துப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். 1815 யூன் 18ஆந் திகதி, வாட்டர்லூவிலே பிரித்தானியக் கனரகக் குதிரைப்படை பாய்ந்தபோது வீரர்கள் நம்பியது வாளையே. கைத்துப்பாக்கி சேணத்தின் முன்னுறையிற் கிடப்பதே வழக்கம். காவற்குதிரையோன் ஆபத்தை அறிவிக்கச் சுடுவதற்கு உதவியிருக்கும். இதனைக் ‘களம் கண்டது’ என்றால், உறையிலிருந்து எட்டிப் பார்த்தது என்றே பொருள்கொள்ள வேண்டும்!

அப்படியானால் இவ்வாயுதம் யாரையும் கொல்லவில்லையா? கொன்றது, அவர்கள் பகைவர் அல்லர்.

விசையை இழுத்தவுடன் ‘குதிரை’ முன்னே பாயும். (நம்மவர் துப்பாக்கியின் அந்த உறுப்பைக் குதிரை என்றார்கள், ஆங்கிலேயர் சேவல் என்றார்கள். கொத்துகின்ற செயலை நோக்கினால் அவர்கள் சொல்லே பொருத்தம் போலும்.) அதன் வாய் கவ்விய சக்கிமுக்கிக் கல் உருக்குத் தகட்டில் உராய, பொறி சிந்தி மருந்து பற்றும். சில பத்து வேட்டுக்களிற் கல் மழுங்கிவிடும். வேறு கல் வேண்டும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து பிரித்தானியப் படைக்கு வேண்டிய கற்களிற் பெரும்பகுதி சபோக் கோட்டத்துப் பிரண்டன் என்னும் ஊரிலிருந்தே சென்றது. ஊருக்கருகே லிங் ஹீத் என்னும் வெளி. அங்கே மனிதன் ஒருவனாகக் குழி தோண்டி, ஏணியுமின்றிப் படிப்படியாய் விட்ட திட்டுக்களிற் கால் வைத்து இறங்கி, மெழுகுதிரி வெளிச்சத்திலே கருங்கல்லைப் பெயர்த்து, தலையிற் சுமந்து மேலே ஏற்றினான். ஊரிலே கல்தட்டுவோர் இடது முழங்காலிலே தோற்பட்டை கட்டி, அதன்மேற் கல்லை வைத்துச் சுத்தியலாற் பிளந்தனர். பெருந்துப்பாக்கிக்கு ஓரளவு, கைத்துப்பாக்கிக்கு ஓரளவு. அடைத்த கொட்டிலிலே கண்ணுக்குப் புலப்படாத தூள் எழும், நுரையீரலிற் படியும். இருமல், பின்பு இளைப்பு, பின்பு மரணம். இன்று சிலிக்கோசிஸ் எனப்படும் அந்நோய்க்கு அத்தொழிலின் பெயரையே சேர்த்து வழங்கினார்கள்.

1807இல் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் போசைத், பொறி தெறிப்பதைக் கண்டு பறவைகள் பறந்துவிடுகின்றன என்ற வேட்டைக் கவலையினால் வெடிரசத்தாற் பற்றும் முறைக்கு உரிமை பெற்றார். 1840களிற் படையும் அம்முறைக்கு மாறியது. பிரண்டன் மாறவில்லை. ஆபிரிக்காவுக்கு அனுப்பவென 20ஆம் நூற்றாண்டிலும் அங்கே கல் தட்டினார்கள், இருமினார்கள்.

நமது வகுப்பறைகளிலே வாட்டர்லூவைக் கற்பிக்கிறோம். வெலிங்டனையும் நெப்போலியனையும் பற்றி வினாத்தாளிற் கேட்கிறோம். நானும் முப்பது ஆண்டுகள் அவ்வாறே கேட்டேன். பிரண்டன் என்ற பெயரை ஒரு மாணவனுக்கேனும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது என்பது சமாதானமாகாது. தேடவில்லை என்பதே உண்மை.

கடைக்காரர் பேழையைத் திறந்து துப்பாக்கியை என் கையிலே தந்தார். எதிர்பார்த்ததிலும் பாரமாயிருந்தது. குதிரையின் வாயிலே சிறு கருங்கல் ஒன்று, தோற்றுண்டாற் சுற்றப்பட்டு, இறுகப் பிடிபட்டிருந்தது. “இந்தக் கல் எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன்.

“அது பின்னர் மாட்டியது, ஐயா. அதை நான் விலையிற் சேர்க்கவில்லை” என்றார்.