மதியச் சாப்பாடு இல்லாத உணவகங்கள்

சுனாபட்டி ரயில் நிலையத்தைச் சுற்றி அண்மையில் திறக்கப்பட்ட தென்னிந்திய உணவகங்கள் மூன்றில், ஒரே வாரத்தில், மதிய வேளையில் உண்டேன். எது நன்று என்று ஒப்பிட்டுச் சொல்லுமாறு விடுதித் தோழர் ஒருவர் கேட்டிருந்தார். எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: மூன்றிலும் நான் உண்டது மதியச் சாப்பாடே அன்று. ஒன்றில் நெய்ப்பொடி தோசை, அடுத்ததில் இட்லி, மூன்றாவதில் கிண்ணத்தில் அளந்து வைத்த தயிர்சாதம். சுவையில் குறையில்லை, முதல் கடையின் தேங்காய்ச் சட்னிக்காகவே மீண்டும் போவேன். ஆனால் காலையில் என்ன பட்டியலோ அதுவேதான் பகல் ஒன்றரை மணிக்கும். சோறு, குழம்பு, ரசம், மோர் என்னும் வரிசை அங்கில்லை. 'இன்னும் கொஞ்சம் சோறு' என்று கேட்கலாமென்றால் கேட்பதற்கு ஆளும் இல்லை.

இதை நாவின் மாற்றம் என்று எழுதிவிடுவது எளிது. என் பார்வையில் இது வாடகையும் கூலியும் சேர்ந்து எழுதிய பட்டியல். தோசைக்கு இவ்வளவு மாவு என முன்கூட்டியே கணக்கிடலாம். வாங்கியவர் நின்றபடியே பத்து நிமிடத்தில் உண்டு நகர்ந்துவிடுவார். இலைச் சாப்பாட்டின் அளவையோ கடைக்காரர் முடிவு செய்வதில்லை, உண்பவரின் பசி முடிவு செய்கிறது. அதற்கு இருக்கை வேண்டும், பரிமாறும் கைகள் வேண்டும், எஞ்சினால் தாங்கும் வலு வேண்டும். மகாராஷ்டிர அரசு 2020 ஜனவரி 26 அன்று பத்து ரூபாய்க்குத் தொடங்கிய சிவபோஜன் தட்டிலும் இரண்டு சப்பாத்தி, ஒரு கறி, பருப்பு, சோறு என அளவு உண்டு. ஏழைக்கும் அளந்த தட்டு, கிண்ணத்தில் உண்ணும் நடுத்தர வர்க்கத்தாருக்கும் அளந்த தட்டு.

மாட்டுங்காவில் 1942இல் தொடங்கிய ராம நாயக்கின் உணவகம் இன்றும் 'உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்' என்றே பெயர் தாங்கி நிற்கிறது. 'போர்டிங்' என்ற சொல்லிலேயே வரலாறு இருக்கிறது: குடும்பத்தை ஊரில் விட்டு வேலைக்கு வந்தவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டின் இடத்தை நிரப்பிய ஏற்பாடு அது. ஆலைப் பகுதிகளில் இதே வேலையைப் பெண்கள் நடத்திய கானாவளிகள் செய்தன. அப்பெண்களைத் திரட்டித்தான் பிரேமா புரவ் 1975இல் அன்னபூர்ணா மகிளா மண்டலைத் தொடங்கினார்.

பழைய இலைக்காக நான் ஏங்குவதாக எண்ண வேண்டாம். தென்னாட்டு ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்க்கெனத் தனியிடம் இருந்த நிலை 1941இல்தான் மாறியது. திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் 'பிராமணாள்' பலகைக்கு எதிராகப் பெரியார் 1957இல் மறியல் நடத்த வேண்டியிருந்தது. பந்தி என்றாலே யார் எங்கே அமர்வது என்ற கேள்வியும் உடன் வந்த நாடு இது. புதிய கடையின் கவுண்டரில் அந்தக் கேள்வி எழுவதில்லை. அதை நான் சிறிய ஆதாயமாகக் கருதவில்லை.

எனினும் 'அசல் தமிழ்ச் சாப்பாடு' என்று பலகை வைக்கும் இக்கடைகளில் மீன்குழம்பு ஏன் இல்லை? தாராவித் தமிழர் பலரின் மதியம் மீனும் கருவாடும் கலந்தது. தமிழ்ப் பிராமணர் வீடு, திருமணப் பந்தி, கோயில் ஆகிய மூன்று களங்களில் உணவின் அரசியலை அர்ஜுன் அப்பாதுரை 1981இல் ஆராய்ந்தார். வீட்டின் முன்னறையில் நான்கு பெஞ்சு போட்டு நடக்கும் தாராவி மெஸ் அந்த மூன்றிலும் அடங்காது. அதை நான்காவது களமாக எடுத்து ஆய்வேடு எழுத நம் மாணவர் யாரேனும் முன்வரலாம். மறுசீரமைப்புக் கணக்கெடுப்பில் அந்த முன்னறை வீடாகப் பதிவாகுமா, கடையாகப் பதிவாகுமா என்பதில் அதன் பிழைப்பே அடங்கியிருப்பதால், விரைந்து எழுதுவது நல்லது.

தோழருக்கு என் விடை: முதல் கடைக்கு மாலை ஐந்து மணிக்குப் போங்கள். பகலில் பசித்தால் ரயிலேறி ஜி.டி.பி. நகரில் இறங்கி மாட்டுங்காவுக்குப் பேருந்து பிடியுங்கள். அங்கே மூன்றாம் முறையும் ரசம் கேட்கலாம்.