திறவுகோல் நம் கையில் வேண்டும்!

அச்சுநூலே நூல், மின்னூற் படிப்பானில் படிப்பது படிப்பாகாது என்று கருதும் அன்பர் நம்மிடையே பலர் உளர். அவர்தம் நூற்பற்றைப் போற்றுகின்றோம். ஆயின், ஓலையே ஏடென்று அன்றைய அறிஞர் அமைந்திருப்பின் கலித்தொகை என்னாகியிருக்கும்? சுவடிகளைத் தேடித் தொகுத்து, 1887-இல் தாமோதரனார் அதனை அச்சேற்றியமையாலன்றோ அது நமக்குக் கிடைத்தது! ஓலை மாறிற்று, தமிழ் நின்றது. இன்று தாளுக்குத் துணை வேண்டுங் காலம்.

மின்னூற் படிப்பான் தொலைக்காட்சி போன்று கண்ணைக் கூசச் செய்வதன்று. கருமையும் வெண்மையுமான நுண்துகள்கள் மின்னாற்றலால் இடம்பெயர்ந்து எழுத்தாகத் தோன்றுகின்றன. பெரும்பாலும் பக்கம் புரட்டும்போதே மின் செலவாதலின், ஒருமுறை ஊட்டிய ஆற்றல் பல நாள் நிற்கும். ஏறத்தாழ 200 கிராம் எடையில் ஆயிரம் நூல்கள் அடங்கும். கண்ணொளி குன்றிய முதியோர் எழுத்தை வேண்டுமளவு பெருக்கிக் கொள்ளலாம். எந்த அச்சுநூல் இவ்வுதவியைச் செய்யும்?

வேடசந்தூர், வடமதுரைப் பக்கத்துச் சிற்றூர் அன்பர் ஒருவர்க்குப் பழநூலொன்று வேண்டுமெனில், பேருந்தேறித் திண்டுக்கல்லுக்கோ மதுரைக்கோ செல்லல் வேண்டும். சென்றாலும், மறுபதிப்புக் காணாத நூல் கிடைப்பதில்லை. 1998-இல் கல்யாணசுந்தரனார் தொடங்கிய மதுரைத் திட்டமோ, உலகத் தமிழர் பலர் கைம்மாறு கருதாது தட்டச்சிட்ட நூல்களை அவர் இல்லத்திற்கே விலையின்றி வழங்குகின்றது.

தாள் எரியும் என்பதை நாம் மறத்தலாகாது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. வேறெங்கும் படியில்லாதவை மீளவே இல்லை. பல்லிடத்தும் படியெடுத்து வைக்கப்பெறும் மின்னூலை ஒரு தீக்குச்சி அழித்துவிடாது.

எனினும் ஓர் எச்சரிக்கை. 2009-இல் அமேசான் நிறுவனம், ஜார்ஜ் ஆர்வெலின் இரு நூல்களை, விலைகொடுத்து வாங்கியோரின் கிண்டில் படிப்பான்களிலிருந்து அவர்தம் இசைவின்றியே தொலைவிலிருந்து அழித்தது. பின்னர் வருத்தம் கூறிற்று. திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர். பூட்டை வாங்கியவன் கையில் திறவுகோலையும் கொடுப்பதே இவ்வூர் வணிக நெறி. பூட்டை விற்றுவிட்டுத் திறவுகோலைத் தானே வைத்துக்கொள்பவனை என்னென்பது? எனவே, படிப்பானை ஏற்போம். பூட்டிய நூல்களை மட்டும் நம்பியிரோம். பூட்டற்ற தமிழ் நூல்களை நாமே பெருக்குவோம்.

பக்கத்தைப் படம்பிடித்தல் மட்டும் போதாது. படமாக உள்ள பக்கத்தைப் பெருக்கினால் வரிகள் திரையைக் கடந்தோடும். சொல்லைத் தேடவும் இயலாது. ஒருங்குறியில் எழுத்தாகத் தட்டச்சிட்ட நூலே படிப்பானில் முழுப்பயன் தரும். நம் நாட்டுச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்த நூல்கள் எல்லார்க்கும் பொது. 1950-இல் மறைந்த மறைமலையடிகளாரின் நூல்களைத் தட்டச்சிட எவர் இசைவும் வேண்டுவதில்லை.

அன்பர்களே! நும் இல்லப் பரணில் உறங்கும் பழநூலை இன்றே இறக்குங்கள். நாளுக்கு இரண்டு பக்கம் தட்டச்சிட்டால் ஆண்டிற்கு 730 பக்கம். பத்து அன்பர் கூடினால் ஒரு சிறு நூலகமே உருவாகும். தமிழ் வாழ்க என்று முழங்கும் வாய்க்குத் துணையாக, இனிக் கைகளும் எழுக!