மருத்துவப் பாடம் போனில் வரும்போது



நம் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் திறக்கப்பட்டது நினைவிருக்கிறதா? அன்று ஒரே நாளில் தமிழகத்தில் 11 கல்லூரிகள். கொரோனா காலம் என்பதால் பிரதமர் காணொலியில்தான் திறந்து வைத்தார். ஆன்லைனிலேயே பிறந்த கல்லூரி என்றுகூட வேடிக்கையாகச் சொல்லலாம்!

மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தபின் அந்தப் பிள்ளைகள் பலரும் டாக்டருக்குப் படிக்கிறார்கள். அந்த வீடுகளில் இப்போது ஒரு புதுச் செலவு: ஆன்லைன் வகுப்பு ஆப்களின் சந்தா. மாரோ, பிரெப்லேடர் என்று பிள்ளை பெயர் சொல்ல, அப்பா பணம் புரட்டுகிறார். ‘காலேஜ்லதான் சொல்லித் தர்றாங்களே, இது எதுக்கு?’ என்று அம்மா கேட்பதில் தவறென்ன?

ஆனால் பிள்ளை பக்கமும் நியாயம் இருக்கிறது. கோளாறான இதய வால்வின் ஓசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பழகுவதற்காக ஒரு நோயாளியின் நெஞ்சில் வகுப்பு முழுக்க வரிசையாக ஸ்டெதாஸ்கோப் வைக்க முடியுமா? பதிவு செய்த ஓசையை இயர்போனில் இருபது தடவை கேட்கலாம். யாருக்கும் தொந்தரவில்லை.

ஆராய்ச்சி முறைகளும் உட்கார்ந்தே கற்கக்கூடியவைதான். சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆராய்ச்சிப் பாடத்தை எம்.டி., எம்.எஸ். மாணவர்கள் முடித்தே ஆகவேண்டும். வீடியோ பார்த்து, அசைன்மென்ட் எழுதி, கடைசியில் தேர்வு மையத்துக்கு நேரில் போகவேண்டும். ஓடவிட்டுத் தூங்கினால் தேறாது.

ஆனால் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சலை அப்படி உட்கார்ந்தே கற்க முடியுமா? கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி கடிப்பதால் வருவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். சிலருக்கு அதுவும் இருக்காது. இருந்தாலும் பலருக்கு அக்குளிலோ தொடையிடுக்கிலோ ஒளிந்திருக்கும். வீடியோவில் அது பெரிதாக, பளிச்சென்று தெரிகிறது. வார்டிலோ, காட்டுவேலைக்குப் போய்க் காய்ச்சலோடு வந்திருக்கும் பாட்டியிடம் கூச்சம் போகப் பேசி, சேலையை விலக்கச் சொல்லித் தேடவேண்டும். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரையே பெரும்பாலும் போதும். கோட்டை விட்டால் ஐ.சி.யூ. வரை போகலாம். அந்தப் பாட்டி நம் வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம், இல்லையா?

அதனால் என் ஆசை இதுதான். ஒரு மணிநேர ஸ்லைடு வாசிப்பை நிறுத்திவிட்டு, நம் ஊர் ஆஸ்பத்திரிகளுக்கு வரும் நோய்களைப் பத்து நிமிட வீடியோக்களாக நம் பேராசிரியர்களே எடுக்கட்டும். மாணவர்கள் இரவில் பார்க்கட்டும், கேள்விக்குப் பதில் எழுதட்டும், காலையில் அதே நோயை வார்டில் தேடட்டும். கல்லூரியே இதைத் தந்தால் அப்பாவின் சந்தாச் சுமையும் குறையும். பெற்றோர் கூட்டத்தில் வருகைப்பதிவோடு இதையும் கேளுங்களேன்.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஆஸ்பத்திரியில் ‘பாடத்துக்காகப் படம் எடுக்கலாமா?’ என்று கேட்டால், முகம் தெரியுமா, யார் பார்ப்பார்கள் என்று தயங்காமல் விசாரியுங்கள். திருப்தியானால் சம்மதியுங்கள். மனசில்லையா, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதற்காக உங்கள் வைத்தியத்தை யாரும் நிறுத்தக்கூடாது.

அன்புடன்,
ஆசிரியர்